காத்திருப்பு எண்ணி

காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவாயிரம் மனங்களை எழுப்புவோம். தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கூடம் இது. இறந்தவர்களின் மனங்கள் இங்கே சில்லுகளில் ஓடுகின்றன. கடல்நீர் அவற்றின் சூட்டைத் தணிக்கிறது. மேலே மீன் கூட்டம் போனால் என் மேசைமேல் நிழல் ஊர்ந்து போகும். அரைத் தூக்கத்தில் நடப்பதுபோலத்தான் இங்கே எல்லா வேலையும் நடக்கும்.

என் வேலை எண்ணிகளைப் படிப்பது. சில்லின் கடிகாரத் துடிப்புகளில் எத்தனை வேலையில் போயின, எத்தனை துடிப்புகள் நினைவு வந்துசேரக் காத்தே கழிந்தன என்று ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வன்பொருள் எண்ணிகள் எண்ணிக்கொண்டே இருக்கும். மின்சாரம் பங்கீட்டில் வருவதால் விதி கறாரானது. அதிகம் காத்திருக்கும் மனத்தில், காத்திருப்பு விழும் இடத்தைக் கண்டுபிடித்துக் கத்தரித்துவிட வேண்டும்.

டெல்பின் அக்கா வியாழன்தோறும் தன் கணவர் ரெமிஜியூஸைப் பார்க்க வருவார். சந்திப்பு அறைக் கதவு திறந்ததும் ரெமிஜியூஸின் மனம் அப்படியே நின்றுவிடும். நமக்கு ஒரு மூச்சு நேரம். சில்லுக்கு அது ஒரு யுகம். அக்காவின் காலடி ஓசையை அவர் அடையாளம் காணும் இடத்தில்தான் தாமதம் என்று சென்ற ஆண்டு எண்ணி காட்டியது. கத்தரித்தேன். காத்திருப்பு துளியும் குறையவில்லை. இந்த ஆண்டு அது, அக்காவின் குரலைக் கண்டுகொள்ளும் இடத்தில் போய் நின்றது.

“அப்போ எங் குரலும் அவுகளுக்குத் தெரியாமப் போயிருமா தங்கச்சி?”

“வெட்டுறதுக்குக் கையெழுத்து நாளைக்குத்தான் அக்கா. இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன்.”

பார்த்தபோதுதான் உறைத்தது. எண்ணி நிரம்பி மணியடிப்பதற்குள் சில்லு ஓரடி தாண்டியிருக்கும். அந்த நொடியில் எந்தக் கட்டளை வரி அங்கே நிற்கிறதோ, அதன் தலையில் பழி விழும். சறுக்கல் என்போம், பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். அதை மறந்து, ஒரு பாவமும் அறியாத காலடி ஓசையை வெட்டிப் போட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சறுக்காத அளவீட்டுக்கு மாற்றி, கதவை மறுபடி திறக்கச் சொல்லி, ஒரு படி முன்னால் பார்த்தேன்.

அங்கே ஒரு தேடல் இருந்தது. கதவு திறந்ததும் ரெமிஜியூஸ் முதலில் மகன் லியோனைத் தேடுகிறார். பக்கத்து நினைவில் இல்லை, தூரத்து நினைவில் இல்லை. கடைசிக் கிடங்குவரை போய் வெறுங்கையோடு திரும்புகிறார். மனைவியின் குரலுக்கு வருவது அதற்குப் பிறகுதான்.

லியோன் நிலவுச் சுரங்கத்தில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அக்கா அதைக் கணவரிடம் சொன்னதே இல்லை. அவரும் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

“எங் குரலயே எடுத்துருங்க,” என்றார், நான் கண்டதைக் கேட்ட அக்கா. “அவுக பிள்ளையத் தேடிட்டுப் போகட்டும்.”

“எடுத்தாலும் குறையாது அக்கா. பழி அடுத்த வரிக்குப் போயிரும். உங்க முகம், பொறவு உங்க பேரு...”

“வேற வழியே இல்லியா?”

“பதில் தெரிஞ்சா அவுக தேடமாட்டாக. நீங்க சொல்லிட்டா...”

அக்கா எழுந்து சந்திப்பு அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் உதடுகள் அசைவதையும், பச்சை ஒளி அவர் தோளில் அலைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கியில் ரெமிஜியூஸின் குரல் வந்தது.

“அதான் நீ எப்பவும் தனியாவே வாறியா?”

அன்று எண்ணியைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வியாழன், கதவு திறந்தது. அக்கா ‘ஏங்க’ என்றதுமே “வா டெல்பின்” என்றார் அவர். எண்ணி அசையவே இல்லை. விதிப்படி இனி அது சிறந்த மனம். யாரும் அதில் கைவைக்க முடியாது. சந்தோஷமாகத்தான் அறிக்கையை அனுப்பினேன்.

வெளியே வந்த அக்கா என் திரையின் முன்னால் நின்றார்.

“இப்போ அவுக தேடவே இல்லியா?”

“இல்லக்கா. கொஞ்சங்கூட இல்ல.”

திரையில் தட்டையாகக் கிடந்த காத்திருப்புக் கோட்டை அவர் விரலால் தடவினார்.

“நாலு வருசமா எம் பிள்ள உசுரோட இருந்தது அங்க மட்டுந்தான், தங்கச்சி.”