மரநாய் வயிற்றில் ஒரு துப்பு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் ஒரு கோப்பின் மேல் 'முடிந்தது' என்று எழுதிவிட்டு, எழுதிய அழகைத் தலைசாய்த்து ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய சர்வீஸில் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர், 'பெண்டிங்'.

அந்தப் பெயரை வைத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அவரே உத்தரவு போட்டிருந்தார். அந்த விசாரணையும் பெண்டிங்.

"அந்த பில்டர் கேஸை மூடிட்டியா?"

அக்காவின் குரல்.

"இப்பதான். மைகூடக் காயலை. ஏன்?"

"மூடாதே. அந்த ஆள் சாகலை."

இன்ஸ்பெக்டர் விருட்டென்று எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாததால் மறுபடி உட்கார்ந்தார்.

பில்டர் கட்டிய அடுக்குமாடி ஒன்று சரிந்து ஏழு கூலியாட்கள் புதைந்து போனார்கள். சிமெண்ட்டில் மணல் கலப்பதுதான் ஊர் வழக்கம். பில்டர் மணலில் கொஞ்சம் சிமெண்ட்டைத் தூவியிருந்தார். வழக்கு கோர்ட்டுக்கு வரும் முன்பே, ஆற்றோரப் பாதையில் அவருடைய கார் எரிந்து கிடந்தது. உள்ளே கரிக்கட்டையாய் ஓர் உடல்...

மோதிரத்தைப் பார்த்து மனைவி அடையாளம் சொன்னாள். சொன்ன கையோடு மயங்கி விழுந்தாள். அவள் விழுந்த வேகத்தில் இன்ஸ்பெக்டர் நம்பிவிட்டார்.

"பல்லைச் சோதிச்சுப் பார்க்கலாமா சார்?" என்று ஏட்டு கேட்டபோது, "அழுதுட்டிருக்கற பொம்பளை முன்னால பல்லைப் பத்திப் பேசறியே, மனுஷனாய்யா நீ?" என்று அதட்டியவரும் அவரேதான்.

இடிபாட்டில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி மட்டும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள்.

"அந்த பில்டரும் செத்துட்டா, நான் இனி யாரை சார் கேக்கறது?"

அன்றைக்கு இன்ஸ்பெக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"உனக்கு யாருக்கா சொன்னது?" என்று இப்போது கேட்டார்.

"மரநாய்."

"என்னது?"

"ஜீப்பை ரெடி பண்ணு. வர்றேன்."

அக்கா கிருமி ஆராய்ச்சியாளர். ஊரில் பாதி மொட்டைமாடிகளில் ஏறி, கூரை இடுக்குகளில் குடியிருக்கும் எலி, வௌவால், மரநாய் இவற்றின் கழிவைப் பொறுக்கிப் புட்டியில் போட்டு வருவது அவள் வேலை. அம்மா சொந்தக்காரர்களிடம், "பொண்ணு டாக்டர், பையன் போலீஸ்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் விவரம் கேட்டால் இரண்டு பேருமே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

ஏட்டு ஜீப்பை ஓட்டினார். அக்கா முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள்.

"எங்கே போறோம்?"

"சொன்னா யார்கிட்டயாவது உளறுவே. உன் வாய் ஓட்டை வாய். நேரா போங்க ஏட்டு."

ஏட்டு சிரிப்பை மீசைக்குள் அடக்கினார்.

"சரி, விஷயத்தையாவது சொல்லு."

"பில்டருக்குக் கால்ல ஆறாத புண் இருந்தது, ஞாபகம் இருக்கா? அந்தப் புண்ணுல இருந்த கிருமியை ஆஸ்பத்திரி எங்க லேபுக்கு அனுப்புச்சு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. ஒரே ஒரு ஊசிக்குத்தான் கொஞ்சம் அடங்குச்சு. அந்த ஊசி கடையில கிடைக்காது."

"சரி..."

"போன வாரம் ஒரு மரநாயோட கழிவைச் சோதிச்சேன். அதே கிருமி. மரபணுவைப் படிச்சுப் பார்த்தா எழுத்துக்கு எழுத்து ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்கவே ஏட்டு ஜீப் கண்ணாடியைப் பின்பக்கம் திருப்பி வைத்தார்.

"அவர் சாகறதுக்கு முன்னாடியே அதுக்குத் தொத்தியிருக்கலாம் இல்லையா?"

"அட, பரவாயில்லையே. நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா கார் எரிஞ்ச வாரம் அதே இடத்துல எடுத்தது சுத்தமா இருந்தது. அதுக்கப்புறம்தான் வந்திருக்கு. ஆஸ்பத்திரியில வேற எந்த நோயாளிக்கும் இந்தக் கிருமி இல்லைன்னும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"மரநாய்க்கும் புண்ணுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"குப்பைத்தொட்டி. சீழ் பட்ட கட்டுத்துணி, பக்கத்துலயே மீந்த சோறு. ராஜ விருந்து. நாம முழுங்கறது, பாதியில விடறது, வீசறது எல்லாமே இந்த ஊர்ல இருக்கற எலி, காக்கா வயித்துல பத்திரமா இருக்கு. உன் ஸ்டேஷன்தான் எதையும் தொலைக்கும். அதுங்க தொலைக்காது. ஏட்டு, இடது பக்கம்."

ஜீப் திரும்பியது.

"மந்திரி வீடா?" இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது.

"இல்லை. வலது."

"நீதிபதி குடியிருப்பு..."

"பேசாம வா."

இன்னும் ஒரு திருப்பம். மூலையில் தண்ணீர்த் தொட்டி. அடுத்து இஸ்திரிக் கடை. இந்தத் தெருவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

தோன்றாமல் என்ன? தினமும் பார்க்கிற தெரு.

ஜீப் அவர் வீட்டு வாசலில் நின்றது.

"மாடியில யாரை வெச்சிருக்கே?" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

மாடிப் போர்ஷனில் இருப்பவர் 'புரொபசர்'. கார் எரிந்த மறுவாரம் குடிவந்தவர். தாடி, குல்லா, கைத்தடி. ஏதோ புத்தகம் எழுதுகிறாராம். சாயங்காலமானால் இன்ஸ்பெக்டருடன் சதுரங்கம் ஆடுவார். இன்ஸ்பெக்டர் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்பார். தோற்கும்போதெல்லாம் பில்டர் கேஸைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார்.

"உங்க அறிவுக்கு நீங்க எங்கேயோ இருக்கணும் சார்" என்பார் புரொபசர். "பேசாம மூடிடுங்க. அந்தக் குடும்பமாவது நிம்மதியா இருக்கட்டும்."

மூடியாயிற்று.

இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறினார். இருபது வருஷ சர்வீஸில் எந்தப் படியும் இவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

கதவு திறந்தே கிடந்தது. புரொபசர் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். குல்லா இல்லை. முழங்காலுக்குக் கீழே மஞ்சள் படிந்த கட்டு. போட்டோவில் மழுமழுவென்று பார்த்த அந்த முகத்தைத் தாடிக்குள் தேடினார் இன்ஸ்பெக்டர்.

இருந்தது.

ஏட்டு வாசலை மறித்து நின்றார்.

"போலீஸ்காரர் வீட்டு மாடியை எந்தப் போலீஸ் சார் சோதனை போடும்?" பில்டர் புன்னகைத்தார். "ஆனா யாரைக் கைது பண்ணுவீங்க? நான் செத்துட்டேன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினதை நானே அடிச்சுடறேன். கார்ல எரிஞ்சது யாரு?"

புன்னகை கொஞ்சம் வாடியது. "பிணவறையில கிடந்த ஒருத்தர். ஏற்கெனவே செத்தவர்தான். கேக்க யாரும் வரலை."

"கேக்க ஆள் இல்லைன்னா எடுத்து எரிச்சுடலாம், இல்லை?" இன்ஸ்பெக்டரின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அந்த ஏழு பேரைக் கேக்க ஆள் இருக்கு. என் ஸ்டேஷன் வாசல்ல வந்து கேட்டாங்க. எழுந்திருங்க."

பில்டர் அசையவில்லை. அக்கா அருகில் போய்க் கட்டை உற்றுப் பார்த்தாள்.

"அந்த ஊசியைப் பாதியிலேயே நிறுத்திட்டு வந்து ஒளிஞ்சீங்க, அப்படித்தானே? இப்ப அதுக்கும் இந்தக் கிருமி அடங்குமான்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டை விடுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா, என் தம்பி எழுதினது நிஜமாயிடும்."

அப்போதுதான் பில்டரின் முகம் வெளுத்தது. ஏட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு அவராகவே எழுந்தார்.

அக்கா கைப்பையிலிருந்து புட்டிகளை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"உனக்கு, உன் பெண்டாட்டிக்கு, பசங்களுக்கு. காலையில லேபுக்கு வந்து சேரணும்."

"எங்களுக்கும் வந்திருக்குமாக்கா?"

"தெரியலை. அதுக்குத்தான் புட்டி."

புட்டியும் கையுமாக நின்றவரின் போன் அடித்தது. மேலதிகாரி.

"யோவ் பெண்டிங், ஏட்டு சொன்னான். செத்தவனை உயிரோட பிடிச்சிட்டியாமே? அதுவும் ரெண்டு மாசமா உன் வீட்டு மாடியிலேயே இருந்தானாம்? ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாம எப்படிய்யா வெச்சிருந்தே?"

இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்று பதில் சொன்னார்.

"எனக்கே தெரியாமத்தான் சார் வெச்சிருந்தேன்."