பேஸ் வாசிக்க ஒரு பெட்டி

"ஏங்க... ஒண்ணு ஏறுங்க, இல்ல இறங்குங்க. நடுவுல தூண் மாதிரி நின்னா நான் பறந்தா போக முடியும்?"

"ஏறணும்னா உங்க மேலதாங்க ஏறணும். வழி எங்க இருக்கு?"

அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டு ஆள் அகலம்கூட இல்லாத படிக்கட்டு. முப்பது கிலோ ஸ்பீக்கர் பெட்டியை மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். முதுகில் பாட்டுக்கு அடிநாதம் போடுகிற பேஸ் கிட்டார் வேறு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்றவன் தலை முதல் கால் வரை தொப்பலாக நனைந்திருந்தான். ஆனால் தன் மழைக்கோட்டைக் கழற்றி, கையிலிருந்த கறுப்புப் பைக்குப் போர்த்தியிருந்தான்!

'பைக்குக் கோட்டு போட்டுவிட்டு இவன் நனைகிறானே... லூசா?'

"கொஞ்சம் பின்னாடி போங்க."

"ஈரமா இருக்குங்க. வழுக்கும்."

"எனக்கு மட்டும் வழுக்காதா?"

சொல்லி வாய் மூடவில்லை... வழுக்கியது. பெட்டியின் மூலை அவன் முகத்தில் இடிக்க, அவன் கண்ணாடி எகிறி அவள் காலடியில் விழுந்தது. தடுமாறிய அவள் சரியாக அதன்மேலேயே காலை வைத்தாள்.

நொறுக்.

சரிந்த பெட்டியை அவன் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். இமையோரம் மழைத்துளி... அதற்குப் பின்னால், எதையும் சரியாகப் பார்க்க முடியாமல் தவித்த இரண்டு கண்கள். தவித்தாலும், அவை அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

அவள் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ச... சாரி."

"பரவாயில்ல. பெட்டியை நான் இறக்கித் தர்றேன். இதை மட்டும் பிடிச்சுக்கோங்க." கறுப்புப் பையை அவளிடம் நீட்டினான். "பத்திரம். உள்ள எங்க பேஸ் பிளேயர் இருக்கார்."

அவள் கை அப்படியே நின்றது.

"என்னது?"

"மெஷின்ங்க. மேல ஒரு ராக் பேண்ட் இருக்கு. பேஸ் வாசிக்க ஆள் இல்ல. அதான் இந்தப் பொட்டி வாசிக்குது."

ஆள் இல்லையாம்! மூன்று வாரத்துக்கு முன்புவரை அந்த மூன்றாவது மாடி ஒத்திகை அறையில் பேஸ் வாசித்தவள் அவள்தான். பாடகன், அதாவது பேண்டின் தலைவன், அவளுடைய சொந்த அண்ணன். சரணம் முடிந்து பல்லவி வந்தாலே அவன் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி தாளத்தை முந்தி ஓடுவான். அதை அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "உன்னைவிட ஒரு மெஷின் மேல்டி. எதிர்த்துப் பேசாது" என்றான் அவன். "அப்போ மெஷினையே வச்சுக்கோ" என்று கிளம்பியவள், மழை பெய்யும் இந்த விடுமுறை நாளில்தான் தன் ஸ்பீக்கரை எடுக்க வந்திருந்தாள்.

அவள் அண்ணன் வைத்துக்கொண்ட மெஷின், இதோ... அவள் கையில். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான்.

"ஓ... பொட்டி, பொட்டின்னு எல்லாரும் சொல்றது உங்களைத்தானா?"

"ஆமா, அந்தப் பேருதான் நிலைச்சுடுச்சு. நீங்க..." அவள் முதுகில் இருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நாலு தடித்த கம்பிகளுக்கான நீளமான உறை. அவன் முகம் மாறியது. "அய்யோ. நீங்க... தங்கச்சியா?"

"உங்களுக்கு ஒண்ணும் தங்கச்சி இல்ல" என்று வெடித்தாள்.

"அந்த அர்த்தத்துல நானும் சொல்லலைங்க" என்றான் அவன், கொஞ்சம் அதிகமான அவசரத்தோடு.

பெட்டி கீழே வந்து ஆட்டோவில் ஏறியதும், அவள் உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். "தெருமுனையில இருக்கிற கண்ணாடிக்கடையிலதான் நான் கண் செக் பண்றேன். நாளைக்கு வாங்க. உடைச்சது நான், புதுசு நான்தான் போட்டுத் தரணும்."

கோபம் வேறு, கடமை வேறு... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நடுவில் அம்மாவைத் தந்திக்கம்பி ஆக்கியிருந்தார்கள்.

"அம்மா, கண்ணாடியை உடைச்சு என் ஆளைக் குருடாக்காம இருக்கச் சொல்லு."

"அம்மா, அந்த ஆள் வெறும் ஸ்விட்ச் தட்டுற ஆள்தான்னு சொல்லு."

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு எந்திரிங்க, எனக்குத் தலை வலிக்குது" என்றாள் அம்மா.

மறுநாள் அவன் வந்தான். பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டிருந்தான். ஒரு காது பக்கம் நூல் கட்டியிருந்தது. அவள் சோதனை அறையில் உட்காரவைத்து, கனமான வட்டச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டினாள்.

"கீழ் வரி படிங்க. இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இது? இல்ல, இது?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒழுங்கா பார்த்துச் சொல்லுங்க."

"ரெண்டு தட்டும் ஒண்ணு இல்ல, ஒழுங்கா கேளுங்கன்னு பேஸ் பத்தி நான் சொல்லவேண்டிய வசனம் இது."

சிரிப்பு வந்தது. கடித்து விழுங்கினாள். அடுத்தது, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஸ்கேலை அவன் புருவத்தருகே வைத்து, ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வதைச் சொன்னாள்.

"என் இடது கண்ணையே பாருங்க."

அவன் பார்த்தான்...

இருபது பேரிடமும் ஐந்து நொடியில் முடிகிற வேலை. அன்றைக்கு மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் எண் வேறு வேறாக வந்தது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்குகிற மாதிரி மெதுவாக, சத்தமில்லாமல் இறங்குகிற பார்வை. 'என்ன கண்ராவி இது... அளவெடுக்கிறேனா, நிற்கிறேனா?'

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன், அசையாமல். "ரெண்டாவது பாட்டுல, பல்லவிக்கு முன்னாடி, ஒரே ஒரு இடத்துல வாசிக்காம விட்டுடுவீங்களே... மூச்சு வாங்குற மாதிரி. அது வேணும்னே விடுறதா?"

ஸ்கேல் கீழே இறங்கியது.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அண்ணன் ஒத்திகையில பதிவு பண்ணதெல்லாம் கொடுத்தார். மெஷின்ல போட்டது அதைத்தான். மூணு வாரமா நீங்க வாசிச்சதைக் கேட்டு, ஒவ்வொரு தட்டா எடுத்து... உங்க அண்ணன் ஓடும்போது நீங்களும் கொஞ்சம் ஓடி, அவரைப் பிடிச்சு இழுத்துட்டு வருவீங்க. அது மட்டும் மெஷினுக்கு வரவே மாட்டேங்குது."

"அப்போ... என்னை வெளிய அனுப்பிட்டு, என் கையையே பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்க."

"உங்ககிட்ட கேட்டாங்கன்னு நினைச்சேன்..."

"யாரும் கேக்கல! நீங்க கேட்டீங்களா? படிக்கட்டுல பார்த்தீங்களே, அப்போ சொன்னீங்களா? பாட்டுக்கு உயிரா ஒரு ஆள் நின்னு வாசிக்கிறதை டிபன் பாக்ஸ்ல அடைச்சு வித்துட்டு, கேள்வி வேற!"

அவன் எழுந்து நின்றான். குரல் இப்போது விளையாட்டாக இல்லை. "நான் மூணு பேண்டுக்கு இப்படிப் பண்ணித் தர்றேன். பேஸுக்கு ஆள் வேணும்னு விளம்பரம் கொடுத்தா பத்து கிட்டார்காரங்க வர்றாங்க. பேஸ் வாசிக்க யாருக்கும் ஆசை இல்ல. மெஷின் இல்லன்னா அந்தப் பசங்க மேடையே ஏற முடியாது. அதுல எனக்கு வெக்கம் இல்லைங்க. ஆனா உங்க விஷயத்துல... தப்புதான். கேட்டிருக்கணும்."

"கண்ணாடி நாளைக்கு ரெடியாகும். வந்து வாங்கிக்கோங்க. நான் இல்லாத நேரமா பார்த்து வாங்க."

வியாழக்கிழமை கண்ணாடி வந்தது. அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்தாள். யாரோ பெரியவர்... யாரோ ஒரு அம்மா... 'வரவேண்டாம் என்று சொன்னால் வராமலே இருந்துவிடுவதா? சொன்னபடி கேட்கிற ஆம்பிளையை இப்போதுதான் பார்க்கிறேன்!' இவன்மேல் எதற்கு இவ்வளவு கோபம் வருகிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் கைபேசி அலறியது. அண்ணன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அம்மா நடுவில் இல்லாமல்.

"என்னடி பண்ண அந்தப் பொட்டியை? நாலு மணிக்கு நிகழ்ச்சிடி! உன் பேஸ் அத்தனையும் அழிச்சுட்டு நிக்கிறான்! நீ சம்மதிக்காம அதை வச்சிருக்க மாட்டானாம்!"

அவளுக்குக் காது சுட்டது. "அழிச்சுட்டாரா?"

"சுத்தமா! அவனே புதுசா ஒண்ணு பண்ணிக் கொண்டு வந்திருக்கான். கட்டை மாதிரி இருக்கு. என்னால அதுகூடப் பாட முடியல..."

அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசிக்க இல்லை, சத்தியமாக இல்லை... திட்டுவதற்கு.

கல்லூரி மைதானத்தில் மேடை தயாராக இருந்தது. மழை விட்டு வெயில் மங்கலாக எட்டிப் பார்த்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒலிப்பலகைக்குப் பின்னால் அவன், நூல் கட்டிய கண்ணாடியோடு. நேராகப் போய்ப் புதுக் கண்ணாடியை அவன்முன் வைத்தாள்.

"இதைப் போடுங்க முதல்ல. உங்களைப் பார்க்கவே சகிக்கல. ஏன் அழிச்சீங்க?"

"உங்களோடது. கேக்காம எடுத்தேன். திருப்பிக் கொடுக்க வேற வழி தெரியல."

"மூணு வார வேலை!"

"ஆமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இதற்கு மேல் இவனைத் திட்டுவது எப்படி?

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். பின்னாலேயே டிரம்ஸ் வாசிக்கிறவன்; பேண்டில் அவனுக்கு இடி என்று பேர்.

"வந்துட்டல்ல... வாசி" என்றான் அண்ணன்.

"எதுக்கு? நான் எதிர்த்துப் பேசுவேனே."

"இந்த நேரத்துலயா வம்பு பண்ணுவ?"

"இந்த நேரத்துலதான். ஒண்ணு மட்டும் சொல்லு. மெஷின்தான் மேல்னா, ஊர்ல இல்லாத பேஸா? என்னோடதையே எதுக்கு உள்ள போடச் சொன்ன?"

இடி எங்கோ வானத்தைப் பார்த்தான்.

"வேற பேஸ்ல எனக்குப் பாட வராதுடி" என்றான் அண்ணன் கடைசியில், தரையைப் பார்த்து. "பதினஞ்சு வருஷமா பக்கத்து ரூம்ல நீ வாசிக்கிறதைக் கேட்டுத்தான் பாடிட்டு வர்றேன். சரி... நான் ஓடுறேன்தான். பல்லவியில ஓடுறேன். போதுமா?"

"எல்லார் முன்னாடியும் சொல்லு."

"எல்லார் முன்னாடியும்தானே சொல்லிட்டு இருக்கேன்!"

"சத்தமா."

"நான் ஓடுறேன்!" அவன் கையிலிருந்த மைக் திறந்திருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை மாணவர்கள் கைதட்டினார்கள்.

அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்து கிட்டாரை எடுத்தாள்.

நாலு மணிக்கு அவள் வாசித்தாள். மூன்று வாரம் தொடாத விரல்கள்... நாலாவது பாட்டிலேயே நுனிகள் கொப்பளித்தன. இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தாள். அண்ணன் வழக்கம்போல ஓடினான். அவளும் கூடவே ஓடி, பிடித்து, இழுத்துக்கொண்டு வந்தாள். இடி சிரித்துக்கொண்டே அடித்தான். மேடைக்கு எதிரே, ஒலிப்பலகைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள்... புதுக் கண்ணாடிக்குள்ளிருந்து, இந்தத் தடவை எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் போனாள்.

"மூணு நாளா ஏன் வரல?"

"நீங்கதானே வரவேண்டாம்னு..."

"நான் இல்லாத நேரமா வாங்கன்னுதான் சொன்னேன். நான் எப்போ கடையில இல்லாம இருந்திருக்கேன்?"

அவன் வயரைக் கீழே வைத்தான். "உண்மையைச் சொல்லவா? குழப்பமா இருந்துச்சு. மூணு வாரம் உங்க வாசிப்பை மட்டும் கேட்டுட்டு இருந்தவன் நான். எனக்குப் பிடிச்சது அந்த வாசிப்பையா, உங்களையான்னு தெரியாம உங்ககிட்ட வந்து நிக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

"அதான் அழிச்சீங்களா?"

"அது உங்களோடதுங்கிறதாலதான் அழிச்சேன். ஆனா அழிச்சப்புறம் என்கிட்ட கேக்கிறதுக்கு எதுவுமே இல்ல. அப்பவும் நாள் முழுக்க நீங்கதான் மனசுல. இன்னிக்கு ரெண்டு இடத்துல சொதப்பினீங்க..."

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன். ரெண்டு தடவையும் நாக்கைக் கடிச்சுக்கிட்டீங்க. அது எந்தப் பதிவுலயும் இல்ல. குழப்பம் போயிடுச்சுங்க. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

தூரத்தில் அண்ணன் வேனில் ஏதோ ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் காதில் விழவில்லை.

"இதை மூணு நாள் முன்னாடி சொல்றதுக்கென்ன? கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துப் பார்த்து என் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. வர்றவங்க பவரைத் தப்பா எழுதி, ரெண்டு பேருக்குத் திரும்பச் செக் பண்ணேன். உங்களால என் வேலையே போயிருக்கும்!"

"அப்படின்னா... உங்களுக்கும்?"

"இன்னும் எப்படித்தான் சொல்லணும்? ஆமா! எனக்கும் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் இவ்வளவு கோவம் வருது!"

அவள் கையை நீட்டினாள். கொப்பளித்த விரல்நுனிகளைத் தொடாமல், அவன் மணிக்கட்டோடு மெல்லப் பற்றிக்கொண்டான்... அவளுடைய துடிப்பு, நிதானமே இல்லாமல், அவன் விரலுக்கடியில் ஓடியது.