மூன்று முறை சாப்பிட்ட சாயங்காலம்

எங்கள் அக்காவுக்குப் பதினொரு வயதுதான். ஆனால் வீட்டிலேயே பெரிய மூளை அவளுடையது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், அவள் காதில் விழாதபடி.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஷிப்ட் வேலை. பேருந்து ஓட்டும் அப்பா நான்கு மணிக்கு வருவார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா ஆறு மணிக்கு. பேக்கரிச் சித்தப்பா எட்டு மணிக்கு. வந்ததும் மூவரும் கேட்பது ஒன்றுதான்.

"சாப்பிட்டியாடா?"

"இல்லையே" என்பேன்.

உடனே தட்டு வரும். அப்பாவோடு வெண்ணெய் ரொட்டி, அம்மாவோடு சோறு, சித்தப்பாவோடு கிரீம் பன். நான் சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தூங்கவோ வேறு வேலைக்கோ போய்விடுவதால், ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அக்கா அந்த நேரமெல்லாம் விளையாட்டும் வீட்டுப்பாடமுமாக இருப்பாள்.

தெருவில் தொட்டுப் பிடித்து ஆடினால் நான்தான் முதலில் அவுட். பத்தடி ஓடுவதற்குள் மூச்சு வாங்கும். ஒருநாள் நண்பர்களே, "நீ உக்காந்து பாருடா" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் டாக்டரும், "வயசுக்கு மேல எடை ஏறுது. இப்பவே கவனிச்சா சரியாயிடும்" என்றார்.

விடுமுறை நாளில் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"நான் ரெண்டு ரொட்டிதானே குடுத்தேன்?" என்றார் அப்பா.

"நான் ஒரு தட்டு சோறுதான்" என்றார் அம்மா.

"நான் ஒரே ஒரு பன்னு!" என்றார் சித்தப்பா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அடப்பாவி! மூணு பேர்கிட்டயும் பொய்யா?" என்று அம்மா கையை ஓங்கினார்.

அக்கா குறுக்கே வந்தாள். "அடிக்காதம்மா. சாப்பிட்டேன்னு சொன்னா நீங்க அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. இல்லைன்னு சொன்னாத்தான் இவன் பக்கத்துல உக்காருறீங்க. அதுக்குத்தான்."

எனக்கே தெரியாத என் மனசு இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஓங்கிய கையாலேயே அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

புது ஏற்பாடும் அக்காவுடையதே. நான்கு மணிக்கு ஒரு பழம், பிறகு அப்பாவோடு பந்து. ஆறு மணிக்கு அம்மாவோடு ஸ்கிப்பிங். எட்டு மணிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரே சாப்பாடு, அதில் காய்கறி நிறைய. பன் வாரம் ஒருநாள் மட்டும். "எனக்கும் அதே சட்டம்தான்" என்று சித்தப்பா தன் தொப்பையைத் தட்டிக்கொண்டார்.

முதல் வாரம் கயிறு என் காலில்தான் சுற்றியது. அம்மாவின் காலிலும்தான். இருவரும் சிரித்தே களைத்துப் போனோம்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் அக்கா தெருவில் எல்லோரிடமும், "இன்னிக்கு இவனும் ஆடுவான்" என்றாள்.

துரத்தும் முறை எனக்கு வந்தது. நான் அக்காவையே துரத்தினேன். தெருமுனை வரை ஓடியும் எனக்கு மூச்சு மிச்சமிருந்தது. எட்டி அவள் முதுகைத் தொட்டேன்.

"அவுட்! அடுத்த ஆட்டத்துக்கும் நீ வாடா!" என்று கத்தினார்கள் நண்பர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். "வேணும்னே விட்டுக்குடுத்தியாக்கா?"

அக்கா முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு வரவே நேரம் பிடித்தது.

"நானா? உனக்கா? போடா!"

அவள் முகத்தில் நிஜமாகவே கோபம். எனக்கு வந்த சந்தோஷமோ சொல்லி மாளாது.