மூன்று தாள்களில் பேன்கள்

வனவிலங்குக் காவலர் ஒஃபேலியா கயுபான் மாத்தேத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மீனவன் செலெஸ்தீனோ தொப்பியைக் கையில் கசக்கியபடி வந்து நின்றான்.

"படகைப் பூட்டிட்டாங்கம்மா. தீவுக்குப் போய்க் கடல்நாய்க் குட்டியைத் திருடினேனாம். உரிமமே போயிடும்கிறாங்க. அது இன்னிக்குக் காலையில தானா வந்து என் கொட்டகை முன்னாடி கிடந்துச்சு."

கடல்நாய்கள் ஈனும் அந்தத் தீவில் மீனவர் யாரும் கால் வைக்கக் கூடாது. நேற்றுக் காற்றுக்குப் பயந்து அவன் படகு அங்கே ஒதுங்கியதைத் துறைமுகமே பார்த்திருந்தது.

துறைமுக அதிகாரி பாரியந்தோஸ் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். "குட்டி மேல அத்தனை பேன். ஆட்டைத் தொட்டியில முக்கி எடுத்தாலே பேன் சாகும். கடல்ல நீந்தி வந்திருந்தா ஒண்ணாவது மிஞ்சியிருக்குமா?" என்றார். அந்த ஊரில் பெரும்பாலோர் ஆட்டுக்காரர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒஃபேலியா குட்டியின் மயிரைச் சீப்பால் வாரி வெள்ளைத்தாளில் தட்டினார். இரண்டு பேன்களைக் கடல்நீர்க் கிளாஸில் அமுக்கி வைத்தார். பிறகு படகோட்டி தார்தோவுடன் தீவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் துறைமுக அலுவலக மேசையில் மூன்று தாள்களும் அந்தக் கடல்நீர்க் கிளாஸும் இருந்தன. செலெஸ்தீனோவுக்கு எதுவும் புரியவில்லை.

"தாகமா இருந்தாலும் அந்தக் கிளாஸைத் தொடாதீங்க சார்," என்றான் தார்தோ பாரியந்தோஸிடம்.

ஒஃபேலியா கிளாஸிலிருந்து பேன்களை எடுத்துக் காகிதத்தில் விட்டார். சற்று நேரத்தில் இரண்டும் நடக்கத் தொடங்கின.

"உங்க தொட்டியில மருந்து இருக்கு. கடல்ல இல்ல. இதுங்க உடம்புச் செதில்ல காத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு முங்கிக் கிடக்கும்."

"சரி, உயிரோட இருக்கு. அதனால அவன் திருடலைன்னு ஆயிடுமா?"

"ஆகாது. இந்த ரெண்டு தாளும் தீவுக் குட்டிங்களோடது. பெருசு, சிறுசு, கொழுத்த ஈரு, எல்லாம் இருக்கு. தாய்கிட்டேயிருந்து ஒட்டின பேன் தரையிலதான் பெருகும். இந்த வருஷம் அங்க ஒரு குட்டிகூட இன்னும் நீச்சலுக்கு இறங்கல. இப்ப மூணாவதை, கொட்டகைக் குட்டியோடதைப் பாருங்க."

பாரியந்தோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பெருசு மட்டும்தான் இருக்கு. ஈரெல்லாம் சப்பிப்போயிருக்கு."

"பேன் தண்ணியைத் தாங்கும், ஈரு தாங்காது. இது பல நாள் கடல்ல கிடந்த குட்டி. வேற எங்கேயோ பிறந்து, அலை அடிச்சுட்டு வந்திருக்கு. தீவுல இருந்து தூக்கியிருந்தா ஈரு இப்படி ஆகியிருக்காது."

பாரியந்தோஸ் படகின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

செலெஸ்தீனோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "அப்ப நேத்துலேர்ந்து எனக்கு ஏம்மா உடம்பெல்லாம் அரிக்குது?"

"பயம்ப்பா. அதுங்க மனுஷன் மேல தங்காது. குட்டியை நான் பாத்துக்கறேன், நீ கடலுக்குப் போ."

துறைமுகம் தாண்டி முதல் வலையை இறக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது: அரிப்பு நின்றிருந்தது.