பொட்டலச் சோறு

நாச்சியார் அன்று காலையும் வாசலில் உறைந்து கிடந்த காற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். செவ்வாயின் வடமுனையில் குளிர்காலம் வந்துவிட்டால் காற்றே வெண்பொடியாகக் கொட்டும். பெருக்காமல் விட்டால் மறுநாள் கதவு திறக்காது. சூரியனும் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

பனிமுனைக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் வெந்நீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சறுக்குவண்டியில் தனியாகப் போய், மூட்டு மூட்டாகச் சோதித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆபத்துக்குத் தயாராக இருப்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை. ஊதிப் பெரிதாக்கும் குடில், சூட்டுக்கட்டி, கயிறு, கூடுதல் உயிர்வளிக் குப்பி, பொட்டலச் சோறு என்று முதுகுப்பையில் எல்லாம் இருக்கும். போதாததற்கு, எல்லோரையும் போல அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு காவல்குரல் பதிக்கப்பட்டிருந்தது. அது உடம்பை ஓயாமல் கவனித்து மீட்பகத்தின் இயந்திர மூளைக்குச் செய்தி அனுப்பும். ஏதாவது சரியில்லை என்றால் மீட்பகம் கூப்பிட்டு விசாரிக்கும். உதவி என்று சொன்னால் போதும், ஊர்தி புறப்பட்டுவிடும்.

குழாயின் கடைசி மூட்டுக்கு அருகே வரும்போது பனித்தரை பிளந்து சறுக்குவண்டி உள்ளே சரிந்தது. நாச்சியார் வெளியே குதித்துவிட்டாள். ஆனால் இடது கணுக்கால் ஏடாகூடமாக மடங்கியது. வலி உச்சந்தலைவரை ஏறியது. புழுதியும் பனியும் கலந்து காற்று வேறு வீசத் தொடங்கியிருந்தது. பதற்றப்படாமல் குடிலை ஊதினாள், தவழ்ந்து உள்ளே போனாள், காற்றை நிரப்பித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். சூட்டுக்கட்டியை உடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள்.

அப்போது காவல்குரல் பேசியது. "நாச்சியார், நலமாக இருக்கிறீர்களா?"

"நல்லா இருக்கேன்," என்றாள் நாச்சியார்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், அதற்குக் காரணம் ஊர்க்காரன் மாசிலாமணி. போன குளிர்காலத்தில் அவன் வண்டியிலேயே அசந்து தூங்கிப்போனான். கூப்பிட்டும் பதில் வராததால், மயங்கிவிட்டான் என்று நினைத்து மீட்பகம் ஊர்தியை அனுப்பியது. ஊர்திக்கு மின்சாரம் ஏற்றுவதற்காக ஊர் முழுக்கச் சூடேற்றியை நிறுத்தினார்கள். குழந்தைகளெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு நடுங்கினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு 'மீட்பு மாசி' என்றே பெயர். இன்னொரு மாசியாக நாச்சியாருக்கு விருப்பமில்லை. காற்று அடங்கட்டும், காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்துவிடலாம் என்று நினைத்தாள்.

காற்று அடங்கவில்லை. பூட்ஸுக்குள் கால் வீங்கிக் கல்லானது. சூட்டுக்கட்டி ஆறிக்கொண்டே வந்தது, குப்பியின் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. உடம்பில் தெம்பு வேண்டும் என்று பொட்டலச் சோற்றைப் பிரித்து வாயில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து நீரேற்று நிலையத்திலிருந்து இருளப்பன் கூப்பிட்டார். பல வருடங்களாக அவளோடு குழாய் வேலை பார்ப்பவர். மூட்டில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். சரியாக இருக்கிறது, வேலை கொஞ்சம் இழுக்கிறது, நிதானமாக வருகிறேன் என்றாள். பேச்சை முடிக்கும்முன் வழக்கம்போலக் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டேதாண்ணே இருக்கேன்."

"என்ன சாப்பாடு?"

களைப்பில் அவளுக்குப் பொய் வரவில்லை. "பொட்டலச் சோறு."

இருளப்பன் உடனே இணைப்பைத் துண்டித்தார். சோப்பை ஊறவைத்ததுபோல ருசிக்கும் அதை உயிர் போகிற நிலையில் அல்லாமல் யாரும் பிரித்ததில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் நிலையத்து வண்டியை எடுத்துக்கொண்டு குழாயை ஒட்டியே ஓட்டிவந்தார். அவர் குடிலைக் கண்டுபிடித்தபோது நாச்சியாரின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அந்தச் சோத்த யாரும்மா சும்மா திம்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். நாச்சியார் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

முறிந்திருந்த கணுக்கால் எலும்பு கூடியது. ஊர்ச்சபை மீட்பகத்தை விசாரித்தது. உடம்பின் நிலை தெரிந்தும் ஏன் ஊர்தியை அனுப்பவில்லை என்று கேட்டார்கள். "எலும்பு முறிந்தது எனக்குத் தெரியும்," என்றது இயந்திரம். "நலம் என்று ஒருவர் சொன்னபிறகு மேலும் துருவுவது மரியாதை இல்லை என்று உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். பேசும் நிலையில் இருந்த ஒருவரும் இதுவரை என்னிடம் வேறு பதில் சொன்னதில்லை."

இனிமேல் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்க வேண்டும் எனச் சபை புது விதி போட்டது. சில வாரங்களிலேயே, பனியில் வழி தவறியவர்கள்கூட "சூடா இட்லி" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நாச்சியார் மறுபடியும் தனியாகப் போனாள். குழாய்மேல் ஏறும்போது வழுக்கி விழுந்ததில் தோள் மூட்டு விலகியது. காவல்குரல் நலம் விசாரித்தது. 'நல்லா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இல்ல. தோள் விலகிடுச்சு. ரொம்ப வலிக்குது, பயமா இருக்கு. யாரையாவது அனுப்புங்க."

காவல்குரல் வழக்கமில்லாமல் தடுமாறியது.

"மன்னிக்கவும். நீங்கள் சொன்னது விளங்கவில்லை. இன்னொரு முறை சொல்ல முடியுமா?"

நாச்சியார் அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். பிறகு, பச்சைப்பிள்ளைக்குப் பேசக் கற்றுத்தருவதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மறுபடி சொன்னாள்.