கழற்றி வைத்த மூட்டுகள்

சட்டையை வாஷிங் மெஷினுக்குள் எறிந்தபோது டிரம்முக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. காலையிலிருந்து காருக்கு அடியில் கிடந்த சட்டை. பையில் கிரீஸைத் தவிர வேறெதுவும் இருக்க நியாயமில்லை. கிருபாகரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, துழாவி எடுத்தான். ஹேர்பின் மாதிரி மடிந்த சின்னக் கம்பி. புத்தம் புதியது.

ஸ்ப்ளிட் பின்.

இரண்டு வாங்கியிருந்தான். வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. டை ராடு எண்டு என்பார்கள். தேய்ந்துபோன பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, நட்டை முறுக்கிய பிறகு, அந்த நட்டு ஓட்டத்தில் கழன்று விழாமலிருக்க இந்தக் கம்பியைக் குறுக்கே செருகிக் காலை மடக்கிவிட வேண்டும். ஐந்து வினாடி வேலை. வலது பக்கம் செருகியது நன்றாக நினைவிருந்தது. அதைத்தான் போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தான். இடது பக்கம் செருகப் போன நேரத்தில்தான் இடுப்பில் பிடிப்பு விழுந்தது. கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு அலறினான். மனைவி ரெஜினா வந்து காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு டயரை மாட்டியதும் அவள்தான். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து "இன்னும் டைட் பண்ணு" என்று மேற்பார்வை பார்த்தான்.

மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்குத் தர ஆய்வாளர் வேலை. அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் பதினோரு வருடமாகச் சம்பளம்.

அந்தக் கார் இப்போது மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்தது. ரெஜினா ஓட்டுகிறாள். பக்கத்து சீட்டில் எட்டு வயது மகள் சிநேகா, மடியில் பரிசுப் பொட்டலம். ரெஜினாவின் அக்கா சாராள் மகன் ஜோயலுக்குப் பிறந்தநாள். நாலரைக்குக் கிளம்பினார்கள். மணி ஐந்து பத்து.

ரெஜினாவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. 'வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது' என்று வீட்டுக்கு விதி போட்டு, ஃபிரிட்ஜின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய மகான் அவன்தான்.

சாராள் எடுத்தாள். "இன்னும் வரல தம்பி. உனுக்கு முதுகு புடிச்சிகிச்சாமே? மெக்கானிக்குங்க எல்லாம் செத்தா பூட்டாங்க, நீயே பூந்து வேல செய்ய?"

"வந்தவுடனே எனக்கு அடிக்கச் சொல்லுக்கா. வண்டிய மறுபடி எடுக்க வேணாம்னு சொல்லு."

"ஏன்? இன்னா ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். "சும்மாதான்கா" என்றான்.

அவர்கள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் இருந்தது. கல் நட்ட மனைகளுக்கு நடுவே பல் விழுந்த வாய் மாதிரி எட்டு வீடுகள். ஐப்பசி மேகம் சாயங்காலத்தை முன்கூட்டியே முடித்துவைத்திருந்தது. ஈர மண்ணின் வாசனையும், காலையில் வீட்டுக்குள் அவன் கொண்டுவந்து சேர்த்த கிரீஸின் வாசனையும் கலந்து கூடத்தில் நின்றன. பைக்கில் போய்விடலாம் என்று காலைத் தூக்கிப் பார்த்தான். கால் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

அப்போதுதான் கேட்டது.

க்ளக்.

சாப்பாட்டு மேஜையில், பழைய செய்தித்தாளின் மேல், காலையில் கழற்றிய பழைய மூட்டுகள் இரண்டும் நின்றிருந்தன. மூடிய கை அளவு இரும்பு. அதற்குள்ளிருந்து கட்டைவிரல் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. புதியதென்றால் அந்தத் தண்டை அசைக்கவே பலம் வேண்டும். இவை தேய்ந்து, ஆடும் பல்லைப்போலத் தொளதொளத்தன. மூன்று மாதம் முன்பு இந்தப் பழைய காரை அவனுக்கு விற்றவரிடம், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது. "கடல் காத்து சார். இரும்பத் தின்னுடும்."

இரண்டு தண்டுகளும் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

தொளதொளத்தால் சாயத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டான். நிமிர்த்தி வைத்தான். வைத்த கையை எடுக்கும் முன்பே இரண்டும் மெதுவாக, சேர்ந்து, ஒரே அளவில் வலது பக்கம் சாய்ந்தன. சற்று நின்றன. நேராயின. பிறகு இடது.

மேஜையை எதுவும் ஆட்டவில்லை. மின்விசிறியை அணைத்தான். ஜன்னலை மூடினான். தம்ளரில் இருந்த தண்ணீரின் மேல் ஒரு நெளிவுகூட இல்லை. தண்டுகள் மட்டும், யாரோ ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்புவது போல, வலது, நேர், நீண்ட இடது, நேர். அவன் கைகளுக்கு அந்த வரிசை தெரிந்திருந்தது. நூறு தடவை ஓட்டிய வளைவுகள். திருக்கழுக்குன்றத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு மாமல்லபுரம் ரோட்டுக்கு ஏறுகிற இடம்.

முட்டாள்தனம் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். அவனுடைய குரலே அவனுக்கு ஒத்துழைக்கவில்லை.

ஆனால் பயத்துக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது, அதுதான் அவனை நாற்காலியில் உட்காரவைத்தது. இரண்டும் சேர்ந்து திரும்புகிற வரை சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன. நட்டு இன்னும் கழலவில்லை. ரெஜினா ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மணி ஐந்து நாற்பது. பூஞ்சேரி கூட்டு ரோடு: இடது, நிறுத்தம், நேர். அதற்குப் பிறகு கால்வாய்ப் பாலம். இருபுறமும் கறுப்புத் தண்ணீர், நாணல், உப்புச் சேறு.

க்ளக்.

வலது தண்டு நேராக நின்றது. இடது தண்டு, தனியாக, வெளிப்பக்கம் சாயத் தொடங்கியது.

"வேணாம்" என்றான்.

இரு விரல்களால் பிடித்தான். இரும்பு, ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. காலையில் ஒரு விரலால் ஆட்டிய தண்டு, இப்போது ஒரு டன் எடையுடன் இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்தான். கிரீஸ் வழுக்கியது. நகத்துக்குள் ரத்தம் வந்தது. இடுப்பு கத்தியது. சிநேகா சீட் பெல்ட் போட்டிருப்பாளா? மடியில் பொட்டலம் இருந்தால் போடமாட்டாள். கர்த்தாவே. கர்த்தாவே, இந்த ஒரு தடவை. தண்டு கையை மீறிச் சாய்ந்து, சாய்ந்து, முழுதாக விழுந்தது.

எல்லாம் நின்றது.

கூடத்தில் சேற்றின் வாசனை வந்தது.

ரெஜினாவுக்கு அடிக்கும் தைரியம் இல்லை. விழுந்த தண்டைத் திரும்பவும் பிடித்து, ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்துவது போல, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினான். இந்த முறை வந்தது. கனமாக, விருப்பமில்லாமல், ஆனால் வந்தது. நேராக்கியதும் வலது தண்டு உயிர்பெற்றது. முழு வலது. இடதையும் அதற்கு இணையாகத் திருப்பிக் கொடுத்தான். வண்டி வட்டமடிக்கிறது. நேர்.

திரும்பி வருகிறார்கள்!

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விடவில்லை. வலது தண்டைப் பார்த்துப் பார்த்து, இடதை அதனுடன் சேர்த்துத் திருப்பினான். வெறும் விரல்களால், முப்பது கிலோமீட்டர் தூரத்தில், மனைவியின் காருக்கு அவன்தான் ஸ்ப்ளிட் பின். பூஞ்சேரி. மலை வளைவு. நீண்ட நேர் ரோடு. விரல்கள் மரத்துப்போயின. மூக்கு அரித்தது, சொறியவில்லை. கரண்ட் போய் வந்தது, அசையவில்லை. இனிமேல் காரில் கைவைக்கமாட்டேன், அவள் சமையலில் குறை சொல்லமாட்டேன், ஃபிரிட்ஜில் ஒட்டிய எல்லா விதிகளையும் கிழிக்கிறேன் என்று வாக்குறுதிகளை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தான். ஏரிக்கரை. ரயில்வே கேட், நிறுத்தம். டிரான்ஸ்பார்மர் முனை, இடது.

அவர்கள் தெரு.

மேஜையில் போன் அதிர்ந்தது. ரெஜினா. இடது கையால் எடுத்தான். வலது கை தண்டில்.

"வந்துட்டீங்களா? மெதுவா வா. பாப்பா நல்லா கீறாளா? பயப்படாத, நான் புடிச்சிகினுதான் கீறேன்."

"இன்னாத்த புடிச்சிகினு கீற?" பின்னால் ஏகப்பட்ட பிள்ளைகளின் கூச்சல். பலூன் ஒன்று வெடித்தது. "நாங்க அக்கா வூட்ல கீறோம்பா. இப்பதான் கேக் வெட்டுனாங்க. உம் பொண்ணு மூஞ்சி பூரா கிரீமு. அக்கா உனக்கு அடிக்கச் சொல்லிச்சு."

"அக்கா வூட்லயா?"

"ஆமா. பஸ்ல ஒரே கூட்டம், போன் பை அடியில மாட்டிகிச்சு."

"பஸ்ஸா?"

திறந்திருந்த வாசல் வழியாக கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் காய்ந்து, வெளுத்துக் கிடந்தது. கேட் அவர்கள் கிளம்பியதிலிருந்து திறந்தேதான் இருந்தது. அதை மூட அவனால் முடியவில்லை.

"ரெஜினா. வண்டி எங்க?"

"சாப்டியா நீ? தோசை மாவு ஃபிரிட்ஜில கீது."

கேட் பக்கம் தரையில் ஏதோ மின்னியது. ஈரம். இரண்டு கோடுகள், டயர் அகலத்தில், அருகருகே, உள்ளே வந்துகொண்டிருந்தன. மேலே எதுவும் இல்லை. என்ஜின் சத்தம் இல்லை. கோடுகள் மட்டும் நீண்டன. வலது கோடு சுத்தமாக இருந்தது. இடது கோடு தேய்த்து இழுத்த கோடு. சக்கரம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி வேறு பக்கம் வந்தால் விழுகிற கோடு. அதன் ஓரமெல்லாம் கறுப்புச் சேறு, நாணல் துணுக்கு.

"வண்டி எங்கன்னு கேட்டேன்."

"சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவ. அப்பறம் பேசிக்கலாம்."

கோடுகள் வாசற்படியைத் தொட்டு நின்றன.

"ரெஜினா." வாசற்படியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நேரா சொல்லு. தயவுசெஞ்சு."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவளுடைய விளையாட்டு நின்றது.

"சரி, கோச்சிக்காத. தெரு தாண்டறதுக்குள்ள ஸ்டீயரிங் ஒரு மாதிரி இருந்துச்சு. புள்ளைய வெச்சிகினு எனக்கு பயமா பூட்சி. பஸ் ஸ்டாண்டாண்ட கையூம் பாய் ஷெட்ல வுட்டேன். அவருக்கு வெள்ளிக்கிழமதான லீவு, ஞாயித்துக்கிழம தொறந்துதான் இருக்கும். நீ ஒரு பக்கம் பின்னே போடலன்னு சிரிச்சாரு. அஞ்சு மணிலேர்ந்து வண்டி அங்கதாம்பா ஜாக்கி மேல நிக்கிது. முன்சக்கரம் ரெண்டையும் கழட்டி ஓரமா வெச்சிருக்காரு. எனக்கு போட்டோகூட அனுப்பினாரு. நீ எந்த வண்டிய கேக்கற?"

காரை விற்றவர் 'கடல் காத்து' என்று மூன்று தடவையும் மறைத்தது இந்தச் சேற்றைத்தான். கால்வாயிலிருந்து வீடு வரை. ஒவ்வொரு வளைவிலும். நேராகப் பிடித்து, இடறாமல், அவன்தான் அதைக் கூட்டி வந்திருந்தான்.

கிருபாகரன் தண்டிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

தண்டு சாயவில்லை.