சடையன் பகலில் இறங்கினான்

"பகல்ல எறங்குறதா? எங்க வம்சத்துலயே யாரும் செஞ்சதில்லம்மா!" என்றான் சடையன்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். இன்னைக்கு விட்டா இந்தக் கரடே இருக்காதுண்ணே!" என்றாள் தமயந்தி.

வேங்கைக் கரடு என்னும் பாறைக் குன்றின் உச்சி விளிம்பில் நின்றுதான் இந்த வாக்குவாதம். கரட்டை வெடிவைத்து உடைக்கக் கல்குவாரி முதலாளி ஒருவர் அனுமதி கேட்டிருந்தார்; நாளைக் கூட்டத்தில் அதிகாரி முடிவு சொல்வார். 'சாதாரணப் பாறை' என்றது அவர் கொடுத்த அறிக்கை. கரடு போனால் தேன் போயிற்று. தேன் போனால் சடையன் ஊரின் பிழைப்பே போயிற்று! போன மாதம் அவன் தேன்கூடையில் விழுந்து வந்த ஒரு கல்லை, நிலவியல் படிக்கும் தமயந்தி பார்த்துவிட்டாள். உளிபடாமலே அதற்கு ஆறு பக்கம்! அது உடைந்து வந்த இடத்தைப் படம்பிடித்து, அபூர்வப் பாறை என்று காட்டினால் கரடு தப்பிக்கும்.

அந்தச் செங்குத்தில் இருபது வருடமாக இறங்குகிறவன் சடையன். ஆனால் ஈக்கள் அடங்கிக் கிடக்கும் அமாவாசை இருட்டில் மட்டுமே! இப்போது தேன்காலம் முடிந்து ஈக்களும் பறந்துவிட்டன. இனி என்ன சாக்கு?

கொடி ஏணியை மரத்தில் இறுக்கிக் கட்டினான் பொன்னாண்டி, சடையனின் மனைவிக்குத் தம்பி. ஏணிக்குக் காவல் எப்போதும் மச்சான்தான். அக்காளின் தாலிக்கு அவனைவிட யார் கவலைப்படப் போகிறார்கள்?

முதலில் சடையன், மேலே தமயந்தி. பத்துப் படி இறங்கியிருப்பார்கள். சடையன் திடீரென்று நின்றுவிட்டான்!

"அண்ணே?"

சடையன் ஏணியைக் கட்டிப்பிடித்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே முந்நூறு அடிக்கு வெறும் காற்று. இத்தனை காலம் இருட்டு அதை அவனிடமிருந்து மறைத்து வைத்திருந்தது!

"இவ்ளோ ஆழமா கீது? என்னால ஆகாதும்மா... மேல ஏறு!"

தமயந்தி மேலே பார்த்தாள். ஏறிவிட்டால் நாளைக்குக் கையில் ஒன்றுமில்லை. சட்டென்று ஒரு யோசனை!

"கண்ண மூடுங்கண்ணே! அமாவாசைன்னு நெனச்சுக்கோங்க. உங்க காலுக்குத்தான் வழி தெரியுமே!"

சடையன் கண்ணை மூடினான். நடுக்கம் மெல்ல அடங்கியது. கால் தானாக அடுத்த படியைத் தேடியது.

"நாப்பத்தேழு... நாப்பத்தெட்டு. இங்க வலது பக்கம் கல்லு படிபடியா வரும். பாத்து வா!"

சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது! ஒரு பிளவுக்குள் சுற்றித் திரும்பி, அகன்ற திட்டில் இருவரும் கால் பதித்தார்கள்.

தமயந்தி நிமிர்ந்தாள். படமெடுக்கக் கொண்டுவந்த போனை மறந்தே போனாள்.

தூண்கள்! கருநீலத் தூண்கள்! தோளோடு தோள் உரசி, நூற்றுக்கணக்கில், வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை. அவர்கள் நின்ற திட்டே உடைந்த தூண்களின் தலைதான்!

"அண்ணே... இப்ப கண்ணத் தெறங்க."

திறந்தான். அண்ணாந்து, தூண்களை உச்சிவரை பார்த்தான்.

"எந்த ராசா கட்டுனதும்மா இது?"

"யாரும் கட்டலண்ணே. பூமிக்குள்ள இருந்த நெருப்புக் கொழம்பு வெளிய வந்து, ஆறிச் சுருங்கி, வெடிப்பு விட்டிருக்கு. வத்துன ஏரில சேறு வெடிக்கும்ல, அந்த மாதிரி. பல கோடி வருஷமாச்சு!"

சடையன் ஒரு தூணைத் தொட்டான். வெயிலில் அது இளஞ்சூடாக இருந்தது. "இன்னும் ஆறல போலக் கீதே!" என்றவனின் கண்கள் கலங்கின. "இருவது வருசமா இத மிதிச்சுக்கினே போயிருக்கேனே!" அப்போதுதான் தமயந்திக்குப் போன் நினைவு வந்தது; படமெடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் கூட்டத்தில் படங்களைப் பார்த்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதுவா சாதாரணப் பாறை?" என்று அவர் கேட்டதும் குவாரிக்காரர் தரையைப் பார்த்தார். அனுமதி மறுக்கப்பட்டது! ஊரே மேளம் கொட்டி மூவரையும் கரட்டுக்கு அழைத்துப் போனது.

நன்றாகத் தெரிந்த இடம் என்று நாம் மார்தட்டுவதில் பாதி, நாம் இன்னும் பார்க்காததுதான். சடையன் இதைப் புரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. இருபது வருடமாக ஏணியைக் காத்தே நின்ற பொன்னாண்டியை அடுத்த வாரமே இறக்கினான். இம்முறை மேலே காவல் நின்றவன் சடையன்.

"கண்ண மூடிக்கினு எறங்கு மச்சான்! நாப்பத்தெட்டு எண்ணி வலது பக்கக் கல்லுல கால் வை. நான் சொன்னப்புறம் தெற!"

"தெற!" என்று அவன் கத்தியதும், "எந்த ராசா கட்டுனது மாமா இது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சடையன் மேலே சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.